புதுப்பிப்பு: கிளிமஞ்சாரோ சென்று திரும்பினேன்

மச்சாமே பாதையில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏற ஆறு நாள் போதுமா, ஏழு நாள் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன்; ஏழு நாளே எடுத்துக்கொள்ளும்படி பலரும் வற்புறுத்தினீர்கள். அதன்படியே சென்று, 5,895 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியான உகுரு சிகரத்தைத் தொட்டுத் திரும்பியிருக்கிறேன். உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் நாள், சுமார் 4,600 மீட்டரில் உள்ள லாவா கோபுரம் என்னும் பாறையருகே தலைவலி பிடித்துக்கொண்டது. பரங்கோ முகாமுக்கு இறங்கியதும் விட்டது. ஆறு நாள் பயணமென்றால் மறுநாளே, சிகரத்துக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவை அடைந்து, சரியாகத் தூங்காமல் அன்று நள்ளிரவே சிகரத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நாங்களோ இடையில் கரங்கா முகாமில் ஓர் இரவு தங்கினோம். எனக்கு அந்த இரவுதான் கைகொடுத்தது.

சிகரம் ஏறிய இரவில் குளிர் கடுமையாக இருந்தது. நீர்ப்பையின் குழாய் உறைந்துவிட்டது. வழிகாட்டி சொன்னபடி கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாக வைத்திருந்த பாட்டிலில் மட்டும், பனி அடிப்பக்கமாகக் கட்டியதால், மூடிப்பக்கம் தண்ணீர் குடிக்கக் கிடைத்தது. "போலே, போலே", அதாவது மெதுவாக, மெதுவாக என்று சுவாஹிலியில் சொல்லிக்கொண்டே அவர் முன்னே நடக்க, எரிமலை வாயின் விளிம்பில் உள்ள ஸ்டெல்லா முனையை எட்டியபோது கிழக்கு வெளுத்தது.

செல்லவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: சுமைதூக்குவோருக்கு 20 கிலோ வரம்பு உண்டு, முகாமில் எடை பார்க்கும்போது நீங்களும் அருகில் நில்லுங்கள். எங்கள் கூடாரத்தைச் சுமந்த இளைஞரின் காலணி அடிப்பகுதி பிளந்து, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இறங்கியதும் ம்வேகா வாயிலில் என் காலணிகளை அவரிடமே கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.