இடைவேளை உள்ள ஆட்டம்: இண்டியானாபொலிஸில் திரை, மேடை, கல்லூரிக் கூடைப்பந்து

இண்டியானாபொலிஸ் உறுப்பினர்:

திரைப்படம், மேடை நாடகம், கல்லூரிக் கூடைப்பந்து ஆகிய மூன்றையும் ஒரே ஆள் விடாமல் பின்தொடர்வது பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து இண்டியானாபொலிஸில், அதாவது எங்கள் ஊரில், குடியிருப்பவர்களுக்கு அது அவ்வளவு விநோதமில்லை. நகர மையத்தில் இண்டியானா ரெப்பர்டரி தியேட்டர் என்ற நாடகக் குழு இயங்கும் கட்டடம் 1927இல் திரையரங்காகத் திறக்கப்பட்டது. 1980இல்தான் நாடகக் குழு அதற்குள் குடியேறியது. வடக்கே பட்லர் பல்கலைக்கழக வளாகத்தில், 1928இல் எழுந்த ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ் என்ற கூடைப்பந்து அரங்கமும், 1963இல் திறக்கப்பட்ட க்ளூஸ் ஹால் என்ற நாடக அரங்கமும் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டிலும் நிகழ்ச்சி இருந்துவிட்டால், காரை நிறுத்த இடம் கிடைப்பது அவரவர் யோகம்.

நான் கல்லூரிக் கூடைப்பந்தின் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் இடைவேளை. தொழில்முறை என்பிஏ ஆட்டம் பன்னிரண்டு நிமிடங்கள் வீதம் நான்கு துண்டுகளாக நடக்கிறது. கல்லூரி ஆண்கள் ஆட்டமோ இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டே பாதிகள். நடுவில் பதினைந்து நிமிட ஓய்வு. (பெண்கள் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து நான்கு பகுதிகளாக மாறிவிட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.) இடைவேளைக்கு முன் ஒரு முடிச்சு, பின் அதன் அவிழ்ப்பு என்று படம் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடுகிறது. அமெரிக்கப் படங்களில் பொதுவாக இடைவேளை கிடையாது. இங்கே திரையிடப்படும் தமிழ்ப் படத்தில்கூட ‘இடைவேளை’ என்ற எழுத்து திரையில் தோன்றும், நாம் எழுவதற்குள் அடுத்த காட்சி ஓடத் தொடங்கிவிடும். மேடை நாடகத்திலும் கல்லூரி ஆட்டத்திலுமோ விளக்கைப் போட்டு, மனிதர்களை எழுந்து நடக்க விட்டு, முதல் பாதியைப் பற்றி ஒருவரோடொருவர் வாதாட நேரம் தருகிறார்கள். முதல் பாதி முழுவதும் ஆளுக்கு ஆள் காவல் காத்துத் தோற்றுக்கொண்டிருந்த அணி, ஓய்வறையிலிருந்து திரும்பி வந்ததும் பகுதிக் காவலுக்கு (ஆளைத் துரத்தாமல், தளத்தில் ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் முறைக்கு) மாறி எதிராளியைத் திணறவைப்பதைக் காணும்போது, இரண்டாம் அங்கத்தில் வேறு முகம் காட்டும் கதாபாத்திரத்தைப் பார்த்த நிறைவு எனக்குக் கிடைக்கிறது.

என் நினைவில் நிற்கும் சந்திப்பு ஹிங்கிள் அரங்கில்தான் நிகழ்ந்தது. உயரமான சன்னல்கள் வழியாக வெயில் உள்ளே இறங்கிய ஒரு பிற்பகல் ஆட்டம். பக்கத்து இருக்கையில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர், சிறிய குறிப்பேட்டில் பென்சிலால் ஒவ்வொருவரின் தவறுகளையும் புள்ளிகளையும் கோடிட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்; மேலே தொங்கிய மின்பலகையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடைவேளையில், 1986இல் வெளிவந்த ‘ஹூசியர்ஸ்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஜீன் ஹேக்மன் பயிற்றுநராக நடித்த அந்தப் படத்தின் இறுதிப் போட்டி இதே அரங்கில் படமாக்கப்பட்டது என்பதனால்தான் முதன்முதலில் இங்கே வந்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, படத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

அந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது 1954ஆம் ஆண்டு மாநில உயர்நிலைப் பள்ளி இறுதிப் போட்டி. 161 மாணவர்களே படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று இதே தளத்தில் வென்றது. கடைசி வினாடிகளில் மைலனின் பாபி பிளம்ப் எறிந்து வென்றதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதற்குமுன், கடைசிக் கால் பகுதியில், அதே பிளம்ப் நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றார். வானொலி வர்ணனையில் எதுவுமே நடக்காததைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் தம் தந்தை வானொலிப் பெட்டியை இரண்டு முறை தட்டிப் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். அப்போது அவர் பள்ளிச் சிறுவன்.

வீடு திரும்பிய பிறகும் அந்த நான்கு நிமிடங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தோடு ஒருவன் அசையாமல் நிற்பதை எந்தத் திரைப்படமும் நான்கு நிமிடம் தாங்காது. படத்தொகுப்பாளர் அதைப் பத்து வினாடியாக நறுக்கிவிடுவார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. மேடையில் அது முடியும். அதே ரெப்பர்டரி தியேட்டரில் ஒரு நடிகை, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கவும் செய்யாமல் எழுந்து போகவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த காட்சி ஒன்றைப் பார்த்தேன். முதலில் சிலர் இருமினார்கள், பிறகு இருமலும் நின்றது, அதன்பின் எனக்குப் பின்னால் இருந்தவர் நாற்காலியின் கைப்பிடியை விரலால் தட்டியதுகூடக் கேட்டது. பார்ப்பவர்களும் உடன் காத்திருப்பதால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் கிடைக்கிறது. 1954இல் இந்த அரங்கில் கூடியிருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இன்றைய கல்லூரி ஆட்டத்தில் அதற்கு வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1985-86 பருவத்தில் ஆண்கள் ஆட்டத்துக்கு ஷாட் கிளாக் வந்தது. 45 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்றிருந்தது 1993இல் 35 ஆகி, 2015இல் 30 ஆகச் சுருங்கியது. தொலைவிலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி தரும் கோடு நாடு முழுவதும் வந்தது 1986-87 பருவத்தில். ஆக, ஐம்பதுகளின் நிதானமான ஆட்டத்தைப் போற்றும் அந்தப் படம் வெளியான நேரத்தில், அந்த ஆட்டம் கல்லூரி விதிப்புத்தகத்திலிருந்தே விடைபெற்றுவிட்டது. கடிகாரத்தை நான் வெறுக்கவில்லை. அது இல்லாத காலத்தில் முன்னணியில் இருந்த அணி பந்தைப் பதுக்கியே மாலையைக் கொன்ற ஆட்டங்களும் ஏராளம்.

சிகாகோ உறுப்பினர்:

மேலே எழுதியவர் படத்தையும் ஆட்டத்தையும் ஒப்பிட்டதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். 2010 ஏப்ரலில் பட்லர் அணி தேசிய இறுதிப் போட்டியில் டியூக் அணியை எதிர்கொண்டபோது நான் லூக்கஸ் ஆயில் ஸ்டேடியத்தில் மிக உயரத்தில், ஆட்டக்காரர்கள் விரலளவே தெரியும் ஓர் இருக்கையில் இருந்தேன். பட்லரின் பயிற்றுநர் பிராட் ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 33. போட்டி நடந்ததோ அவர்களுடைய சொந்த ஊரில். என்னைச் சுற்றியிருந்த எல்லோருடைய வாயிலும் ‘ஹூசியர்ஸ்’ படத்தின் பெயர்தான். 61-59 என்று டியூக் முன்னிலை வகிக்க, கடைசி நொடியில் பட்லரின் கார்டன் ஹேவர்ட் தளத்தின் நடுக்கோட்டருகிலிருந்து எறிந்தார். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் மோதி, வெளியே விழுந்தது. திரைக்கதை எழுதியவர் இருந்திருந்தால் அதை உள்ளே தள்ளியிருப்பார்.

மறு ஆண்டும் பட்லர் இறுதிக்கு வந்தது. கனெக்டிகட் அணியிடம் 53-41 என்று தோற்றது. 64 முறை எறிந்து 12 முறை மட்டுமே பந்தைக் கூடைக்குள் போட்டார்கள். இந்த இரண்டாம் ஆண்டை யாரும் படமாக எடுக்க மாட்டார்கள். எனக்கோ அதுதான் கூடுதல் நெருக்கமான கதை. விளையாட்டுப் படங்களில் நான் உயர்வாக மதிப்பது 1994இல் வந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்தை. எங்கள் சிகாகோவின் இரண்டு சிறுவர்கள் கல்லூரி அணியில் இடம் தேடிப் போகும் பாதையை ஸ்டீவ் ஜேம்ஸும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தார்கள். அதில் முழங்கால் காயம் வருகிறது, பள்ளிக் கட்டணப் பாக்கி வருகிறது, வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்துக்குத்தான் உண்மையில் இடைவேளை விட்டிருக்க வேண்டும்.

ப்ளூமிங்டன் உறுப்பினர்:

மைலன் கதையை இவ்வளவு பேசிவிட்டு, அதற்கடுத்த ஆண்டைப் பேசாமல் விடுவது முறையாகாது. 1954இல் மைலன் இறுதிக்குப் போகும் வழியில் வென்ற அணிகளில் ஒன்று கிறிஸ்பஸ் அட்டக்ஸ். கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைப்பதற்காகவே 1927இல் இண்டியானாபொலிஸில் திறக்கப்பட்ட பள்ளி அது. ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணியில் இளையவர். 1955இல் அட்டக்ஸ் மாநிலப் பட்டத்தை வென்றது, 1956இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மீண்டும் வென்றது. ஆனால் 1955 வெற்றி ஊர்வலத்தை, வெல்லும் அணிகள் வழக்கமாகக் கொண்டாடும் நகர மைய வட்டத்தில் நிற்க விடாமல், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ராபர்ட்சன் பின்னர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்காக ஆடி, மூன்று பருவங்களிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவராகத் திகழ்ந்தார்.

‘ஹூசியர்ஸ்’ படத்தைப் பலமுறை பார்த்தவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு. இறுதிப் போட்டியில் எதிரணிப் பயிற்றுநராக வருபவர் ரே க்ரோ; நிஜத்தில் அட்டக்ஸ் அணிக்கு அந்த இரண்டு பட்டங்களையும் பெற்றுத் தந்த பயிற்றுநர். தாம் வென்ற அதே அரங்கில், தோற்பவராக அவரை நிற்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்க்கும்போது என் கண் அவர் மீதே நிற்கிறது, வெற்றி எறிதல் கவனத்தில் ஏறுவதேயில்லை.

இண்டியானாபொலிஸ் உறுப்பினர்:

ரே க்ரோ பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பெரியவரும் அவரைக் குறிப்பிட்டார், நான்தான் விரிவஞ்சி விட்டுவிட்டேன். ஹிங்கிள் அரங்குக்கு வர நினைப்பவர்கள் குளிர்காலத்தில் பகல் ஆட்டத்துக்கு வாருங்கள். வெயில் நேராகக் கண்ணில் விழாத பக்கம் எது என்று நுழைவுச்சீட்டு வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மாலையே க்ளூஸ் ஹாலில் நாடகம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் காரை இரண்டாம் முறை நிறுத்தும் வேலை மிச்சம்.