ஆறு பக்க பிளாஷ்பேக்: வெட்டவும் மனமில்லை, விடவும் முடியவில்லை

காசிமேட்டுக் கோடு:
எங்கள் காசிமேட்டில் வலை பின்னும் ஒரு தாத்தாவைப் பற்றி 16 பக்கத்தில் காமிக்ஸ் வரைகிறேன். கருப்பு வெள்ளை, ஜெராக்ஸ் பிரதிதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடலில் இருந்தார். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அவர் தம்பியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் தாத்தா கடலுக்குப் போகவே இல்லை. 3-ஆம் பக்கத்தில் பேரன் "ஏன் தாத்தா நீ கடலுக்குப் போறதில்ல?" என்று கேட்கிறான். 4 முதல் 9 வரை முழுக்க சுனாமி. படித்த என் அக்கா 6-ஆம் பக்கத்தில் நிறுத்தி, "இது இப்ப நடக்குதா, அப்ப நடந்ததா?" என்றாள். பழைய காட்சிகளுக்கு அடித்த சாம்பல் வாஷ் (தண்ணீர் கலந்த மைப் பூச்சு), ஜெராக்ஸில் திட்டுத்திட்டாகக் கருத்துவிட்டது. என்ன செய்யலாம்?

மைக்கூடு:
தம்பி, அலையை வரையாதீர்கள். தாத்தா அதைப் பார்க்கவே இல்லையே! ஆழ்கடலில் சுனாமி போட்டுக்கு அடியில் போனால்கூடத் தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். அவர் நினைவில் இருப்பது அமைதியான கடலும் நல்ல மீன்பாடும்தான். திரும்பி வந்தால் கரை கரையாக இல்லை. பிளாஷ்பேக் யாருடையதோ, அவர் கண்ணில் பட்டது மட்டும் வரட்டும். ஆறு பக்கம் தானாகவே மூன்றாகிவிடும், வலியும் கூடும்.

3-ஆம் பக்கம் புத்தகத்தில் வலது பக்கம். அதன் கடைசிக் கட்டத்தில் பேரனுக்குப் பதில் வேண்டாம், முடிச்சை இறுக்கும் கை மட்டும் போதும். தாளைத் திருப்பினால் அதே கை, அதே கோணம், சுருக்கமில்லாமல், வலையை இழுக்கிறது. "பல வருடங்களுக்கு முன்" என்ற கேப்ஷன் தேவைப்படாது.

வண்ணை வாசகி:
வாஷை விட்டுவிடுங்கள். இன்றைய கட்டங்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள், பழைய கட்டங்களுக்கு வெறும் கையால். ஜெராக்ஸ் எவ்வளவு மோசமாக வந்தாலும் அந்த வித்தியாசம் அழியாது. இன்னொன்று, நிவாரணமாக வந்த ஃபைபர் போட்டுகள் சுனாமிக்கு அப்புறம்தான் கரையெங்கும் பெருகின. பழைய காட்சியில் மணலில் கட்டுமரங்களை அதிகமாகப் போடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே காலம் புரிந்துவிடும்.

காசிமேட்டுக் கோடு:
மூன்று பக்கமாகத் திருப்பி வரைந்துவிட்டேன். அலை இல்லை. கடைசிக் கட்டத்தில் தம்பி உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அக்கா எங்கேயும் நிறுத்தாமல் படித்தாள். ஆனால் நிகழ்காலத்துக்குத் திரும்பும் இடம் சப்பென்று இருக்கிறது, அண்ணா.

மைக்கூடு:
விட்ட நொடிக்கே திரும்புகிறீர்கள், அதனால்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புங்கள். டீயில் ஏடு படிந்திருக்கட்டும். முடிச்சு தப்பாக விழுந்திருக்கிறது, பேரன் ஒன்றும் கேட்காமல் அதை அவிழ்க்கிறான். தாத்தா உட்கார்ந்திருப்பது தம்பியின் அதே இடம் என்று அந்தக் கட்டத்தில்தான் தெரிய வேண்டும்.