வாட்ஸ்அப்பில் வந்த 'சலான்' ஏபிகே இன்ஸ்டால் ஆகிவிட்டது, முதலில் எதைச் செய்வது?

வைகைக்கரை:
அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே 'டிராஃபிக் சலான்' (போக்குவரத்து அபராதம்) என்று ஒரு ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, வந்திருக்கிறது. இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டார். அது காட்டிய பக்கத்தில் டெபிட் கார்டு எண், காலாவதித் தேதி இரண்டையும் நிரப்பியிருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகிறது, பணம் போகவில்லை. ஆனால் ஆப்பின் ஐகானையே காணோம். பாஸ்வேர்டுகளை மாற்றினால் போதுமா? ஆன்டிவைரஸ் போடவா?

பூட்டுச்சாவி:
அந்தப் போனிலிருந்து எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள். புதிய பாஸ்வேர்டும் வரும் ஓடிபியும் சேர்ந்தே மோசடிக்காரர்கள் கைக்குப் போகலாம்.

முதலில் ஏரோபிளேன் மோட். சில போன்களில் வைஃபை அணையாமல் இருக்கும், அதையும் அணையுங்கள். அடுத்து சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடிபி சிம்முக்குத்தான் வரும். சிம் சுத்தமான போனில் இருந்தால் அந்த ஆப்பால் படிக்க முடியாது.

பிறகு வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு டெபிட் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கார்டை மட்டும் முடக்கிவிட்டு நிற்காதீர்கள். காரணம் இதுதான்: யுபிஐ ஆப் ஒரு போனோடு இணைய, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். அனுமதி கிடைத்த ஆப் அதை அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பிவிடும். யுபிஐ பின் அமைக்கக் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதித் தேதி, ஓடிபி இருந்தால் சில வங்கிகளில் போதும். அந்தப் பக்கம் எதற்காகக் கார்டு விவரம் கேட்டது என்று இப்போது புரியும்.

மெசேஜில் அனுப்பியவை பகுதியைப் பாருங்கள். தெரியாத எண்ணுக்கு, அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் போயிருந்தால் அவர்கள் யுபிஐ பதிவைத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைவிட இன்னொரு போனில் படம் பிடிப்பது நல்லது. கடைசியில் போனில் உள்ளதை எல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டியிருக்கும், அப்போது ஸ்கிரீன்ஷாட்டும் போய்விடும்.

தென்றல்77:
போனிலேயே இருக்கும் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட் ஸ்கேன் ஓடவிட்டு, ஆப்பை நீக்கினாலே சரியாகிவிடும். ரீசெட் வரை போக வேண்டுமா?

பூட்டுச்சாவி:
வேண்டும் நண்பரே. இந்த வகை ஆப்கள் இன்ஸ்டால் ஆகும்போதே ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும். முதல் ஏபிகே வெறும் உறையாக இருந்து, 'அப்டேட்' என்ற பெயரில் உள்ளே இரண்டாவது ஆப்பை இறக்குவதும் உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றது தங்கிவிடும். படங்களை மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே நிம்மதி. வாட்ஸ்அப் அரட்டையில் கிடக்கும் ஏபிகே-யையும் அழித்துவிடுங்கள், திரும்பத் தொட்டுவிடுவார்.

வைகைக்கரை:
நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு எஸ்எம்எஸ் போயிருக்கிறது. வங்கியில் மூன்றையும் முடக்கியாயிற்று. பணம் போகவில்லை என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
சொல்லி வையுங்கள். வங்கிக்கும் அழைப்போடு நிற்காமல் மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017ல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் வங்கியிடம் தெரிவிக்கும் வரை அவர் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அதனால் நேரம் பதிவாகியிருப்பது முக்கியம். நாளை பணம் போனதாகத் தெரிந்தால் 1930ல் கேட்கப்போவது தொகை, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். பாஸ்புக்கோடு உட்காருங்கள்.

பூட்டுச்சாவி:
இன்னொன்று. வாட்ஸ்அப்பையும் அவர்கள் எடுத்திருக்கலாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து உங்களுக்கு வந்ததும் அப்படித்தான் இருக்கும். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரடியாகப் போன் பண்ணிச் சொல்லுங்கள். ரீசெட் முடிந்ததும் சிம்மைத் திரும்பப் போட்டு வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்தால் அவர்கள் போனில் வெளியேறிவிடும். தெரியாத 6 இலக்கப் பின் கேட்டால் அவர்கள் வைத்தது. 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் உள்ளே போகலாம். பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதியை அணையுங்கள்.