ஹெட் ஸ்டட் நட்டடியால் தண்ணீர் கசிகிறது (மெசி 240)

அக்கராயன் கமம்

வணக்கம். என்னிடம் இருப்பது மெசி பேர்குசன் 240 உழவு மிசின், பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். பழைய மிசின்தான், ஆனாலும் ஒயில் குடிக்காது, புகை தள்ளாது. சிறுபோக அறுவடை முடிந்த கையோடு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றி, லேத்தில் முகம் எடுப்பித்து, அடியில் புதுக் கெஸ்கட் (கசிவை மறிக்கும் தகடு) போட்டுப் பூட்டினார்கள். இப்போது புகைக்குழாய்ப் பக்கத்தில் ஹெட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டுகளின் (இரு முனையிலும் மரையுள்ள கம்பிகள்) நட்டடியால் தண்ணீர் கசிகிறது. சொட்டாது. எஞ்சின் சூடேறினால் நட்டைச் சுற்றி ஈரம் தெரியும், விடிய வந்து பார்த்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். றேடியேற்றரில் குமிழி வரவில்லை. டிப்ஸ்டிக்கில் ஒயிலும் சுத்தம்.

பூட்டிய கராஜில் கேட்டால் "இன்னும் கொஞ்சம் இறுக்குவோம்" என்கிறார்கள். இறுக்கி ஸ்டட் முறிந்தால் யார் பொறுப்பு? புரட்டாசியில் உழவு தொடங்கிவிடும். திரும்பக் கழற்றத்தான் வேண்டுமென்றால் இப்போதே கழற்றலாம். இந்த முறை எப்படிப் பூட்டினால் கசியாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியாப் பொடியன்

ஒரு கைப்பிடி மஞ்சள் தூளை றேடியேற்றருக்குள் போடுங்கோ அண்ணை. மாமாவின் லொறி அப்படித்தான் இன்றைக்கும் ஓடுது.

பரந்தன் பழைய கை

மஞ்சள் தூள் அடைக்கும், உண்மை. எதை அடைப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் போய்ப் படிந்தால், சேற்று உழவில் எஞ்சின் கொதிக்கும்போது தெரியும். வழியில் நின்றுபோன வாகனத்தை வீடு கொண்டுவந்து சேர்க்க மட்டும் அது சரி.

அக்கராயன் தம்பி, குமிழி இல்லை, ஒயில் சுத்தம் என்றால் சிலிண்டர் வாயைச் சுற்றிய நெருப்பு வளையத்தில் கெஸ்கட் பிடித்துத்தான் இருக்கிறது. தண்ணீர் பெரும்பாலும் ஸ்டட்டின் மரை வழியால் ஏறுகிறது. புளொக்கில் (ஹெட்டுக்குக் கீழே உள்ள எஞ்சின் உடல்) ஸ்டட் பூட்டும் துளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில துளைகள் இரும்புக்குள்ளேயே முடியும், சில தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். திறந்த துளையில் தண்ணீரை மறிக்க மரையைத் தவிர வேறொன்றும் இல்லை. மரை எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினாலும் அதற்குள் சுருள் சுருளாக ஒரு வழி இருக்கும். எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறியதும் தண்ணீர் அதிலே சுற்றி ஏறி, ஹெட்டில் ஸ்டட் போகும் துளையால் வந்து வாசருக்கு அடியில் எட்டிப் பார்க்கும். நட்டை இறுக்கினால் ஸ்டட் நீளும், அந்தச் சுருள் வழி அடைபடாது. நீங்கள் பயந்தது சரி.

நட்டைச் சுற்றிச் சிலிக்கன் பூசச் சொல்லியும் ஒருவர் வருவார். அதையும் கேட்காதீர்கள். வெளியே காய்ந்து வடிவாகத் தெரியும், உள்ளே தண்ணீர் தேங்கி ஸ்டட்டை இடுப்பில் அரிக்கும். பிறகு ஒருநாள் கழற்றப் போகும்போது ஸ்டட் பாதி கையில், பாதி புளொக்கில்.

ஹெட்டைக் கழற்றியதும் ஸ்டட்டுகளையும் கழற்றுங்கள். இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, கீழ் நட்டில் ஸ்பனரைப் போட்டுத் திருப்பினால் வரும். பைப் றெஞ்ச் போட்டு மரையைக் கடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அடி தட்டினால் மூடிய துளை. தட்டாமல் போனால், அல்லது கம்பியில் செந்துருச் சேறு ஒட்டி வந்தால், அது தண்ணீர்த் துளை. திறந்த துளைகளைச் சோக்கால் அடையாளம் போட்டுவிடுங்கள்.

வேலையில் முக்கால்வாசி துப்புரவுதான். துளைக்குச் சரியான டப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெயோடு கையால் மெதுவாக ஓட்டி, பழைய துருவையும் உப்பையும் எடுக்க வேண்டும். ஸ்டட்டுக்கு வயர் பிரஷ். பிறகு பெற்றோலாலோ பிறேக் கிளீனராலோ கழுவிக் காற்றடித்துக் காய விடுங்கள். எண்ணெய் ஈரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. மூடிய துளைக்குள் தண்ணீரோ ஒயிலோ துளியும் நிற்கக்கூடாது. நின்றால் ஸ்டட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லை, புளொக்கையே வெடிக்க வைக்கும். மரை அரித்து இடுப்பு மெலிந்த ஸ்டட்டை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

பூசுவதற்கு டெஃப்லோன் கலந்த மரை சீலர் நல்லது. இல்லாவிட்டால் இறுகாத வகைப் பசை, பெர்மாடெக்ஸ் நம்பர் 2 மாதிரி. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் வேண்டாம், அது பிய்ந்து தண்ணீரோடு சுற்றும். திறந்த துளைக்குப் போகும் கீழ் மரையில் சுற்றிவரப் பூசி, ஸ்டட்டை விரலால் இறங்கும் மட்டும் இறக்கினால் போதும். மேல் மரையிலும் வாசரிலும் சொட்டு எஞ்சின் ஒயில். ரோர்க் ஸ்பனர் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பனர்) காட்டும் கணக்கில் பெரும்பகுதியை உராய்வு தின்கிறது. காய்ந்த துரு மரையில் அது இன்னும் கூடும், ஸ்பனர் கிளிக் என்று சொல்லும், ஹெட் இறுகியிராது.

கெஸ்கட் போடுமுன் நேர்விளிம்பு வைத்துப் புளொக் முகத்தையும் பாருங்கள். லேத்துக்குப் போவது ஹெட் மட்டும்தான். புளொக்கில் பள்ளமிருந்தால் பக்கத்துத் தண்ணீர்த் துளையிலிருந்து ஸ்டட் துளைக்குக் கசிவு தாவும், அதுவும் நட்டடியால்தான் வரும். பசையை மட்டும் நம்பினால் அப்போது ஏமாந்து போவீர்கள்.

இறுக்குவது நடுவிலிருந்து வெளியே, மூன்று தரமாக. எத்தனை றாத்தல் இறுக்கம் என்பதை எஞ்சின் இலக்கத்தை வைத்துக் கைநூலில் பாருங்கள். வாயால் சொல்கிற கணக்கை, என் வாயாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

ஸ்காபரோ தேவிபுரத்தான்

பழைய கை அண்ணை சொல்வது இங்கேயும் அப்படியே. 1955இல் வந்த ஷெவர்லே ஸ்மோல் புளொக் வி8 எஞ்சினில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் அறைக்குள்ளேதான் திறக்கும். சீலர் பூசாமல் பூட்டினால் கசியும் என்பது அதில் வேலை பழகும் பையனுக்கும் தெரியும்.

அக்கராயன் கமம்

நன்றி அண்ணை. கழற்றிப் பார்த்தேன். கசிந்த இரண்டு துளைகளிலும் கம்பி அடி தட்டவில்லை. மரையில் பசை போட்ட அடையாளமே இல்லை. இரண்டு கேள்வி. ஓடிய பிறகு திரும்ப இறுக்க வேண்டுமா? றேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? கேத்தலில் வெள்ளை பிடிக்கிற தண்ணீர்.

பரந்தன் பழைய கை

கேத்தலில் பிடிக்கிறது சிலிண்டரைச் சுற்றியும் பிடிக்கும். அந்த ஓடு சூட்டை வெளியே விடாது, ஹெட் வளையும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அது, இல்லாவிட்டால் பற்றரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி, கூலன்டோடு பாதிக்குப் பாதி. எங்களூரில் பனி கொட்டாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் காக்கிறது, தண்ணீரை 100 பாகையில் கொதிக்கவும் விடாது, அதற்குத்தான். பழைய கூலன்டை வாளியில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பென்று நாய் குடிக்கும், செத்துப்போகும்.

சீலர் தகரத்தில் எழுதியிருக்கும் நேரம் கழிந்தபின் தண்ணீர் விடுங்கள். சூடேற்றி, கெஸ்கட் பெட்டியில் திரும்ப இறுக்கச் சொல்லியிருந்தால் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு நட்டு, கொஞ்சம் தளர்த்தி, அதே கணக்குக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் திரும்ப முதலிலிருந்து. இறுக்கியபின் வால்வ் இடைவெளி மாறியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் எஞ்சினுக்குக் குளிரில் 0.012 அங்குலம்.

றேடியேற்றர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். சூடு தணியாமல் திறக்க வேண்டாம்.