தணிப்பியா, அவிப்பியா?

அன்புள்ள குழுவினருக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

மின்முனையில் நடக்கும் வேதிவினையால் பிறக்கும் ஒளிக்கு மின்வேதியொளிர்வு என்று பெயர். அதை ஃபீனால் போன்ற கரிமச் சேர்மங்கள் மங்கச் செய்கின்றன. அப்படிச் செய்யும் பொருளுக்கு (ஆங்கிலத்தில் quencher) ஒரு தமிழ்ச் சொல் உங்களிடம் கேட்டிருந்தேன். ஒளியணைப்பி, ஒளியொடுக்கி, அவிப்பி என்று மூன்று வந்தன. ‘அவிப்பி’ பழைய வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அதைக் கேட்கிறவர் முட்டை அவிக்கும் பாத்திரம் என்றுதான் நினைப்பார். ‘அணைப்பி’ விஷயத்தில் என் வளர்ப்பு குறுக்கே நிற்கிறது. ‘விளக்கை அணை’ என்று சொல்லிவிட்டால் எங்கள் அம்மா முறைப்பார்; ‘குளிர வை’ என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, அதெல்லாம் என் சொந்தக் குறை. பெரிய குறை வேறு. இந்தச் சேர்மம் தொடுவது ஒளியையே அல்ல.

நடப்பது இதுதான். ஒளி தரும் ருத்தேனியம் பைபிரிடின் அணைவும் (உலோக அணுவைக் கரிம மூலக்கூறுகள் சூழ்ந்த சேர்மம்) அதற்குத் துணைநிற்கும் டிரைபுரொப்பைலமீன் என்ற அமீனும் மின்முனையில் எலக்ட்ரானை இழக்கின்றன. அமீன் ஒரு புரோட்டானையும் உதறி, வலுவான ஒடுக்கியாக, அதாவது எலக்ட்ரான் தரும் தனியுறுப்பாக மாறி, ருத்தேனியத்துக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் ருத்தேனியம் ஆற்றல் மிகுந்த கிளர்நிலைக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும்போதுதான் 620 நானோமீட்டரை ஒட்டிய செம்மஞ்சள் ஒளி வரும். தைராய்டு அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கருவிகள் சிலவற்றில் மினுக்குவதும் இந்த ருத்தேனியம்தான்.

ஃபீனாலைச் சேர்த்தால் அதுவும் அதே மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, குவினோன் வகைப் பொருளாகிறது. கிளர்நிலையில் நிற்கும் ருத்தேனியத்திடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்வது இந்தக் குவினோன்தான். ஒளி பிறக்கவே இல்லை. பிறகு எதை அணைப்பது? வேதியியலாளர் ரிக்டரின் குழுவினர் 1999இல் ஃபீனால், கேட்டகால், ஹைட்ரோகுவினோன், பென்சோகுவினோன் நான்கையும் வைத்துக் காட்டியது இதைத்தான். ருத்தேனியத்தைவிட நூறு மடங்கு சேர்த்தபோது பெரும்பாலும் மங்கல் தென்பட்டது. கிராம்பின் யூஜினாலும் தேயிலையின் கேட்டக்கின்களும் ஃபீனால் குடும்பம்தான். அதனால் மாமாக் கடைத் தே ஓவை (பாலில்லாத் தேநீர்) சோதனை மேசைப் பக்கம் நான் விடுவதில்லை.

தோட்டத்தில் சம்பள நாளன்று வாசலில் நிற்கும் வட்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கைக்கு வந்துவிட்டது, வீட்டுக்குத்தான் வரவில்லை. வேலையே கிடைக்காமல் போவது வேறு: அமீனின் தனியுறுப்பை முன்னதாகவே ஒரு சேர்மம் தின்றுவிட்டால் கிளர்நிலையே உண்டாகாது. அதைத் ‘தடுப்பி’ எனலாம். வீட்டுக்கு வந்த பணம் அங்கே கரைவது இன்னொன்று: வெளிவந்த ஒளியைக் கரைசலின் நிறமே உறிஞ்சுவது. ‘ஒளியொடுக்கி’ என்று ஒரே சொல்லைப் போட்டால் இந்த மூன்றும் குழம்பிவிடும். போதாக்குறைக்கு, வேதியியலில் ‘ஒடுக்கி’ ஏற்கெனவே எலக்ட்ரான் தருவதன் பெயர்.

ஆகவே என் வாக்கு ‘தணிப்பி’க்கு. கிளர்ச்சி தணியும், கோபம் தணியும், தாகம் தணியும். கிளர்ந்ததைத்தானே தணிக்க முடியும்?

*

ஐயா, வணக்கம். கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதுகிறேன்.

வட்டிக்காரரை ரசித்தேன். இரண்டு ஐயங்கள். உலோகத்தைச் சூடேற்றித் தண்ணீரில் முக்குவதையும் தணித்தல் என்று எழுதுகிறார்கள். மலாயிலும் அதற்கு ‘லிண்டாப் கெஜுட்’ என்று ஒரு சொல் உண்டு. பட்டறைச் சொல்லும் ஒளிச்சொல்லும் ஒன்றாகிவிடாதா? இரண்டாவது, எங்கள் பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு தமிழில் அறிவியல் படிப்பதை விடுகிறார்கள். அவர்களுக்குக் ‘கிளர்ச்சி’ என்றால் கலவரம்தான். ‘கிளர்நிலைத் தணிப்பி’ என்று முழுசாகச் சொல்லலாமே.

*

டீச்சர், பட்டறையோடு ஒன்றாவதில் எனக்கு வருத்தமில்லை. சூடான இரும்பும் கிளர்ந்த மூலக்கூறும் ஆற்றலைத்தானே இன்னொன்றிடம் விடுகின்றன? ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், யாரும் குழம்பவில்லை. முதல் தடவை ‘கிளர்நிலைத் தணிப்பி’, அப்புறம் வெறும் ‘தணிப்பி’ என்று எழுதிவிடலாம். கிளர்ச்சியை விட்டுக் கிளர்நிலையைப் பிடித்துக்கொள்வதற்கும் சம்மதம்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஸ்டெர்ன், வோல்மர் என்ற இரு அறிவியலாளர்கள் 1919இல் தந்த சமன்பாட்டில், தணிப்பி இல்லாதபோதுள்ள ஒளியை அது இருக்கும்போதுள்ள ஒளியால் வகுத்து, தணிப்பியின் செறிவுக்கு எதிரே வரைந்தால் எளிய நேர்வுகளில் நேர்கோடு வரும். அதன் சரிவைத் ‘தணிப்பு மாறிலி’ என்றால் நாக்கில் உட்காருகிறது. ‘அவிப்பு மாறிலி’ என்று சொல்லிப் பாருங்கள், இட்லி வாசனை அடிக்கும்.

மிச்சமிருப்பது ஒன்று. ஃபீனால் சில வேளை மின்முனையின் மேலேயே பிசினாகப் படிந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அப்போதும் ஒளி குறையும், ஆனால் அது தணிப்பும் இல்லை, தடுப்பும் இல்லை. ‘முனைப்படிவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா?