தவிட்டு எண்ணெய்க் கழிவு: லாரிக்கா, சோப்புக்கா?

ஆரணி நெல்:
எங்கள் பக்கத்து அரிசி ஆலைத் தவிடு எண்ணெய் எடுக்கத்தான் போகிறது. அதைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் ஆசிட் ஆயிலை ஏன் பயோடீசலாக்கக் கூடாது, அதாவது லாரிக்கு ஊற்றும் டீசலில் கலக்கும் எரிபொருளாக? 2018 தேசியக் கொள்கைப்படி 2030க்குள் டீசலில் 5% பயோடீசல் கலக்க வேண்டும். இன்னும் 1% கூட எட்டவில்லை. அதற்கு எண்ணெய் எடுக்கக் காட்டாமணக்கு நடச் சொன்னார்கள், நட்டவர்களுக்கு விளைச்சலும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. இதற்கு ஒரு சென்ட் நிலமும் வேண்டாம்.

சோப்புப் பட்டறை:
ஆசிட் ஆயிலைக் கழிவு என்று யார் சொன்னது அண்ணே? நான் காசு கொடுத்து வாங்கித்தான் சோப்பு காய்ச்சுகிறேன். டீசல் ஆலைக்காரர் விலையை ஏற்றினால் நான் பாமாயில் சரக்குக்குத்தான் மாற வேண்டும். அது இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ செம்பனை நட்டு வருவது. உங்கள் ஊரில் மிச்சமான நிலம் அங்கே செலவாகும், அவ்வளவுதான்.

ஆரணி நெல்:
சோப்பைப் பாமாயிலில் காய்ச்சலாம். கச்சா எண்ணெய்க்கு நம் நாட்டில் என்ன மாற்று இருக்கிறது, சொல்லுங்கள்.

கெமிக்கல் இன்ஜினியர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தவிட்டில் இருக்கும் நொதி, அரைத்த சில மணி நேரத்திலேயே எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலமாக்கத் தொடங்கிவிடும். ஆசிட் ஆயிலிலோ அந்த அமிலம்தான் பெரும்பங்கு. வழக்கம்போல காரம் (அல்கலி) போட்டு மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு வினைப்படுத்தினால் டீசல் வராது, சோப்புதான் வரும். முதலில் கந்தக அமிலம் வைத்து அந்தக் கொழுப்பமிலத்தை எஸ்டராக்க வேண்டும் (பயோடீசல் என்பது அந்த எஸ்டர்தான்), அதில் ஊறும் தண்ணீரை நீக்க வேண்டும். 100 கிலோ எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 10 கிலோ மெத்தனால் போகும். நாம் மெத்தனாலைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். தவிட்டு எண்ணெயின் மெழுகையும் சரியாக எடுக்காவிட்டால் குளிர்காலத்தில் லாரி பில்டர் அடைத்துக்கொள்ளும்.

ஆரணி நெல்:
சிரமம் என்றால் விட்டுவிடுவதா சார்? விலை கிடைத்தால் ஆலைக்காரர் அத்தனையும் செய்வார்.

சோப்புப் பட்டறை:
விலைதான் பயம். இந்தோனேசியாவில் செம்பனை ஆலைக் கழிவுநீரில் வடித்த எண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை வந்ததும், ஆலைகளில் வடியக்கூடியதைவிட ஏற்றுமதி அதிகமானது. நல்ல எண்ணெயையே கழிவில் கலப்பதாகச் சந்தேகம் வந்து, 2025 ஜனவரியில் அந்த அரசு கட்டுப்பாடு போட்டது. இங்கேயும் நல்ல தவிட்டு எண்ணெயைக் கெடுத்து விற்க எவ்வளவு நேரமாகும்? அதைச் சமையலுக்கு நம்பியிருக்கும் வீடுகளை யோசியுங்கள்.

ஆரணி நெல்:
அது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். சரி, யாரும் சண்டை போடாத சரக்கு எது?

கெமிக்கல் இன்ஜினியர்:
ஒன்று, ஓட்டலில் பொரித்துத் தீர்ந்த எண்ணெய். பொரிக்கப் பொரிக்க அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25% தாண்டினால் சமைக்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது. இன்னொன்று, சுத்திகரிப்பில் எண்ணெயின் நிறம் நீக்கப் பயன்படுத்திய களிமண். அதன் எடையில் ஏறத்தாழ கால்பங்கு எண்ணெய் ஊறியிருக்கும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

சோப்புப் பட்டறை:
அந்த மண்ணில் இருப்பதைத் தாராளமாக எடுங்கள், எனக்கு ஒரு சொட்டும் வேண்டாம். ஆசிட் ஆயிலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஆரணி நெல்:
மண்ணிலிருந்து எண்ணெய் பிரிக்க, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்ஸேன் திரவம் வேண்டுமே. தவிட்டு எண்ணெய் ஆலையில் அது ஏற்கெனவே ஓடுகிறது. ஒரு லோடு மண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி இந்த வாரமே கேட்கிறேன். ஆசிட் ஆயில் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.