முதல்ல அலமாரியை விட்டு வெளியே எடு: பெட்டி ஸ்பீக்கர் பற்றி ஒரு குடும்பக் குழு

ஞாயிறு

கதிர் | காலை 9:04
மாமா, அக்கா, ரெண்டு பேரும் இருக்கீங்களா? புது ஸ்பீக்கர் ஜோடியை மாட்டியாச்சு. டூ-வே, அதாவது பேஸுக்கு 16 செ.மீ. வூஃபர், கூரான ஒலிக்கு ஒரு ட்வீட்டர். பின்பக்கம் போர்ட் (காத்து போக வர ஓட்டை), சென்சிட்டிவிட்டி ஒரு வாட்டுக்கு 1 மீட்டர்ல 86 டெசிபெல், 6 ஓம். பேச்சுக்குரல் தொண்டை கட்டின மாதிரி கேக்குது. பேஸ் ஒரே ஒரு சுரத்துல மட்டும் கும்முனு எழும்புது, மத்த சுரமெல்லாம் காணோம்.

குமரேசன் மாமா | காலை 9:06
எங்கே வச்சிருக்க?

கதிர் | காலை 9:07
சுவர் அலமாரியோட திறந்த தட்டுல. பின்பலகைக்கும் போர்ட்டுக்கும் 8 செ.மீ. இடைவெளி. ஸ்பீக்கரோட முன்முகத்துல இருந்து சுவர் வரைக்கும் 35 செ.மீ. ரூம் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சோபா எதிர்ச் சுவரை ஒட்டி.

குமரேசன் மாமா | காலை 9:11
அப்போ ஸ்பீக்கர் மேல தப்பே இல்லடா. நீ சொன்ன அளவுலயே விடை இருக்கு. ஒலி வேகம் நொடிக்கு 344 மீட்டரை ரூம் அளவோட ரெண்டு மடங்கால வகுத்துப் பாரு, ரூம் தானா முழங்குற அதிர்வெண் வரும். 4 மீட்டருக்கு 43 ஹெர்ட்ஸ். 3 மீட்டருக்கு 57. உனக்கு அகலமும் உயரமும் ஒண்ணா இருக்கிறதால 57ல ரெண்டு அதிர்வு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. சின்னப் பெட்டியோட போர்ட் பெரும்பாலும் 50க்குப் பக்கத்துல தான் ட்யூன் ஆகியிருக்கும். அதுவும் சேர்ந்துக்கும். போதாக்குறைக்கு சோபா வேற சுவரோட ஒட்டி இருக்கு. சுவர் ஓரத்துல எல்லா பேஸும் வீங்கித்தான் கேக்கும்.

கதிர் | காலை 9:13
யூமிக்-1 மைக் வச்சு ஆர்இடபிள்யூங்கிற ஒலி அளக்கிற சாஃப்ட்வேர்ல அளந்தேன் மாமா. 57ல 11 டெசிபெல் மேடு. 245 பக்கத்துல ஒரு ஆழமான பள்ளம்.

செல்வி அக்கா | காலை 9:15
அந்த 245 பள்ளம் ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கிற சுவரால வர்றது. முன்முகம் சுவர்ல இருந்து 35 செ.மீ. ஒலி பின்னால போய் சுவர்ல மோதித் திரும்பி வர 70 செ.மீ. அது அரை அலைநீளமா இருக்கிற இடத்துல நேரா வர்ற ஒலியை அடிச்சுடும். 344 வகுத்தல் 1.4. கணக்கு போட்டா 246. உன் மைக் சரியாத்தான் சொல்லுது. தொண்டை கட்டின மாதிரி கேக்குறதுக்கு இந்தப் பள்ளமும் காரணம், ஆண் குரலோட உடம்பு அந்த இடத்துல தான் இருக்கு. தட்டோட குழி இன்னொரு காரணம். பெட்டியைச் சுத்தி இருக்கிற காற்று தனியா முழங்கும்.

நிவேதா | காலை 9:16
ஈக்யூல (ஈக்குவலைசர்) 245ஐ ஏத்திட்டா சரியாயிடாதா அக்கா?

செல்வி அக்கா | காலை 9:18
ஆகாது நிவி. நீ எவ்வளவு ஏத்தினாலும் திரும்பி வர்ற ஒலியும் அதே அளவு ஏறும், ரெண்டும் மறுபடி அடிச்சுக்கும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பவர் வீணாகும், வூஃபர் சும்மா கஷ்டப்படும், பள்ளம் அப்படியே இருக்கும். ஈக்யூவை மேட்டை வெட்ட மட்டும் வச்சுக்கணும்.

குமரேசன் மாமா | காலை 9:24
கதிரு, முதல்ல அலமாரியை விட்டு வெளியே எடு. மத்ததெல்லாம் அப்புறம்.

ஸ்டாண்ட் 60 செ.மீ. உயரம் போதும். சோபால உக்காந்தா காது தரைல இருந்து 95 செ.மீ. பக்கம் வரும், ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வரணும். ஸ்டாண்ட் மேல்தட்டோட நாலு மூலையிலும் கொண்டைக்கடலை அளவு ப்ளூ-டேக் (பிசைஞ்சு ஒட்டுற பசை) வச்சு பெட்டியை அமுக்கு. வழுக்காது, தட்டும் அதிராது.

முன்முகம் சுவர்ல இருந்து 60 முதல் 70 செ.மீ. ட்வீட்டருக்கும் ட்வீட்டருக்கும் 1.7 மீட்டர். சோபாவைச் சுவரை விட்டு இழு. உன் காது சோபாவுக்குப் பின்னால இருக்கிற சுவர்ல இருந்து 1.5 மீட்டர்ல இருக்கட்டும், அதாவது நீளத்துல 38 சதவீதம் பக்கம். நட்டநடுவுல, 2 மீட்டர்ல மட்டும் உக்காராதே. அங்கே 43 ஹெர்ட்ஸ் சுத்தமா காணாமப் போகும். இந்த 38ங்கிறது தொடங்குறதுக்கு ஒரு புள்ளி தான். அங்கிருந்து முன்னயும் பின்னயும் பத்துப் பத்து செ.மீ. நகர்த்திக் கேட்டு முடிவு பண்ணு.

கதிர் | காலை 9:27
65 செ.மீ.க்கு இழுத்தா பள்ளம் 132க்கு வந்துடுமே மாமா?

குமரேசன் மாமா | காலை 9:30
வரும். பள்ளம் எங்கேயும் ஓடிப் போகாது, இடம் தான் மாறும். ஆனா 132ல பக்கச்சுவர், தரை, கூரை எல்லாம் வெவ்வேற நேரத்துல ஒலியைத் திருப்பி அனுப்பிப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பும். அதுக்கு ஒரு வேலை செய். ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கிற சுவரோட தூரம், பக்கச்சுவர் தூரம், வூஃபரோட தரை உயரம், இந்த மூணும் ஒரே அளவா வராம பாத்துக்கோ. மூணும் 65 ஆச்சுன்னா மூணு பள்ளமும் ஒரே இடத்துல விழும், அப்புறம் மிருதங்கத்தோட இடந்தலை அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி கேக்கும்.

கதிர் | காலை 9:31
1.7 மீட்டர் இடைவெளின்னா பக்கச்சுவருக்கு ஆளுக்கு 65 தானே வருது.

குமரேசன் மாமா | காலை 9:33
அதுக்குத்தான் சொன்னேன். பின்பக்கம் 65ஐ விட்டுட்டு 75 வை, இல்லேன்னா ட்வீட்டர் இடைவெளியை 1.6 ஆக்கு. அஞ்சு பத்து செ.மீ. தானேன்னு நினைக்காதே.

செல்வி அக்கா | காலை 9:38
போர்ட் பத்தி. 57 மேடு அப்புறமும் அடங்கலைன்னா ஃபோம் அடைப்பான் போட்டுப் பாரு. போர்ட் திறந்திருந்தா ட்யூனிங்குக்குக் கீழே பேஸ் ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபெல் வேகத்துல சரியும். அடைச்சா சீக்கிரமே சரிய ஆரம்பிக்கும், ஆனா 12 டெசிபெல் தான். சின்ன ரூம்ல சுவர் தர்ற ஊக்கம் அந்தச் சரிவைப் பாதி ஈடுகட்டிடும். அளவு குறையும், ஒவ்வொரு சுரமும் தனித்தனியா நிக்கும்.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைக்கணும். துணியைத் திணிக்காதே, உள்ளே விழுந்தா எடுக்க வூஃபரைக் கழட்டணும். திறந்தே வைக்கிறதா இருந்தா போர்ட் விட்டத்தைப் போல ரெண்டு மடங்காவது பின்னால காத்தோட்டம் விடு.

நிவேதா | காலை 9:41
அப்போ சீல்டு பெட்டியே, அதாவது போர்ட் இல்லாததே, நல்லதுதானே? மாமா வச்சிருக்கிற எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் அப்படித்தானே?

குமரேசன் மாமா | காலை 9:49
அது 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைச்சது. சின்ன இடம், பக்கத்துல உக்காந்து கேக்குற வேலை, அதுவும் முக்கியமா பேச்சுக்குரல். உள்ளே 5 லிட்டர் காற்று தான். மெல்லிய பலகை, உள்பக்கம் அதிர்வு அடக்கும் பட்டை, ட்வீட்டரைச் சுத்தி ஃபெல்ட் துணி. கெஃப் கம்பெனியோட பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். மூல வடிவம் 15 ஓம், சென்சிட்டிவிட்டி 82, 83 தான் வரும்.

100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல அதுக்கு ஒரு சின்ன மேடு உண்டு. அதனால ஆழமான பேஸ் இல்லாமலே பேஸ் இருக்கிற மாதிரி காது நம்பிடும். சுவரை ஒட்டி வச்சா அந்த மேடு தடிச்சுப் போய் குரலைக் கெடுக்கும். வெளியே இழுத்து வச்சா, ஒரு ஆள் மூச்சு எடுக்கிறது, உதடு பிரியறது வரைக்கும் எதிர்ல தெரியும். இன்னிக்கும் குரலுக்கு இதுக்கு நிகர் கொஞ்சம் தான், இதை நான் யோசிச்சுத்தான் சொல்றேன். ஆனா பெரிய டிரம்ஸ், முழு ஆர்கெஸ்ட்ரா, அதிக வால்யூம் இதெல்லாம் அதுகிட்ட கேக்கக் கூடாது.

செல்வி அக்கா | காலை 9:57
கெஃப்போட எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் வேற குணம். கோன் நடுவுலயே ட்வீட்டர் உக்காந்திருக்கு. சாதாரண டூ-வேல வூஃபரும் ட்வீட்டரும் மேலயும் கீழயும் இருக்கிறதால காது உயரம் மாறினா 2, 3 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு குழி விழும். எழுந்து நின்னா குரல் மங்குறது அதனால தான். இதுல அந்தத் தொல்லை இல்ல. பாடகர் நிக்கிற இடம் ஊசி குத்தின மாதிரி தெரியும். மெட்டான்னு பேர்ல இருக்கிறது ட்வீட்டருக்குப் பின்னால இருக்கிற உறிஞ்சும் தட்டு. பின்பக்கம் போற ஒலியை விழுங்கிடும், அதனால கூரான ஒலியை நெடுநேரம் கேட்டாலும் களைப்பு வராது.

குறையும் இருக்கு. 13 செ.மீ. கோன். பிளஸ் மைனஸ் 3 டெசிபெல் கணக்குல 79 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான். 85 டெசிபெல், அதோட இம்பீடன்ஸ் (மின் தடை) சில இடத்துல 4 ஓமுக்கும் கீழே இறங்கும். கரண்ட் தர முடியாத ஆம்ப் போட்டா சப்பையா, கடுமையா கேக்கும். பலர் அதை ஸ்பீக்கரோட குறைன்னு எழுதறாங்க, அது நியாயமில்ல.

கதிர் | காலை 10:00
என் ஆம்ப் 8 ஓமுக்கு 50 வாட் அக்கா. போதுமா?

செல்வி அக்கா | காலை 10:06
கணக்கு போட்டுப் பாரு. 1 மீட்டர்ல 86. நீ 2 மீட்டர்ல உக்காருற, ரூமுக்குள்ள 4, 5 டெசிபெல் போகும். ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கு உன் காதுல சுமார் 84. நல்ல வால்யூம்ங்கிறது சராசரி 78. அதுக்கு அரை வாட் கூட ஆகாது. ஆனா நல்லாப் பதிவு பண்ணின இசையில தாள அடி சராசரியை விட 20 டெசிபெல் மேல எகிறும். 98க்கு 30 வாட் பக்கம் வேணும். 50 போதும்.

இதுக்கு மேல 10 டெசிபெல் ஏத்தினா பத்து மடங்கு, 300 வாட். அங்கே ஆம்ப் கிளிப் ஆகும். அலையோட உச்சி வெட்டுப்பட்டுக் கூரான அதிர்வெண்கள் கூடுதலா உண்டாகி, சராசரி பவரும் ஏறி, ட்வீட்டர் காயில் வெந்துடும். சின்ன ஆம்ப் தான் ட்வீட்டரை அதிகமா எரிக்குதுன்னு சொல்றது இதனால தான். ஓசை கரகரத்தா உடனே குறைச்சுடு.

கதிர் | காலை 10:08
ஒயர் 1.5 சதுர மி.மீ., பக்கத்துக்கு 3 மீட்டர். மாத்தணுமா?

செல்வி அக்கா | காலை 10:10
வேண்டாம். போக வர 6 மீட்டர் செம்புக்கு 0.07 ஓம் தான் வரும். 6 ஓமுக்கு முன்னால அது ஒண்ணுமே இல்ல. செம்பு தானான்னு மட்டும் பாரு. ஒரு இழையைக் கத்தியால சுரண்டினா உள்ளே வெள்ளையா மின்னினா அலுமினியத்து மேல செம்பு பூசினது. மிச்சப் பணத்தை ஸ்டாண்டுல போடு.

நிவேதா | காலை 10:19
மேஜை மேல ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருக்கிறது) வைக்கிறவங்களுக்கும் சொல்லிடறேன். மேஜைப் பலகையில பட்டுத் திரும்புற ஒலி 100லிருந்து 200 வரைக்கும் தடிமனைக் கூட்டும். 15, 20 செ.மீ. உயர்த்தி வச்சாலோ முகத்தைக் காதுக்கு நேரா சாய்ச்சாலோ அடங்கும். பின்னால டெஸ்க் ஸ்விட்ச் இருந்தா அதையும் போட்டுப் பாக்கலாம்.

கம்ப்யூட்டர்ல செருகினதும் ஊம்னு சத்தம் வந்தா எர்த் லூப், அதாவது ரெண்டு எர்த் வழியா கரண்ட் சுத்துறது. ரெண்டையும் ஒரே பவர் பலகையில மாட்டணும். அப்பவும் போகலைன்னா ஆப்டிகல் ஒயர், அதுல மின் தொடர்பே இல்லாததால ஊம் வர வழியே இல்ல. வால்யூம் ஏத்தினா பேஸ் மெலிஞ்சு போகுதா, அதுவும் கோளாறு இல்ல. சின்ன கோனைக் காப்பாத்த உள்ளே இருக்கிற டிஎஸ்பி (ஒலியைக் கணக்குப் போட்டு மாத்துற சிப்) அப்படிச் செய்யுது.

குமரேசன் மாமா | காலை 10:24
நல்லாச் சொன்னே. ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானா கோன் நாலு மடங்கு தூரம் அசையணும். 80ல 1 மி.மீ. அசைஞ்சா 40ல 4 மி.மீ. அந்தச் சின்ன கோன் அவ்வளவு ஓடிக்கிட்டே குரலையும் சேர்த்துப் பாடணும், எப்படித் தெளிவா வரும்? அதனால சப்வூஃபர் (ஆழமான பேஸுக்குன்னு தனிப் பெட்டி) சேர்த்தா 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை ஸ்பீக்கருக்கு அனுப்பாம வெட்டணும். சும்மா பக்கத்துல சப்வூஃபரை வச்சா பாதிப் பலன் தான்.

கதிர் | பிற்பகல் 3:42
ஸ்டாண்ட்ல வச்சாச்சு. பின்சுவர் 75, பக்கம் 65, சோபா 1.5. 57 மேடு 11ல இருந்து 5 ஆச்சு. ஈக்யூல 57ல மட்டும் 4 டெசிபெல் வெட்டினேன், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகல்ங்கிற அளவு) 5. குரல் பெட்டியை விட்டு வெளியே வந்துடுச்சு மாமா, எந்த சுரம்னு பேஸ்லயே சொல்ல முடியுது.

ஆனா புதுசா ஒண்ணு. பாடகர் குரல் நடுவுல நிக்காம இடதுபக்கம் சாயுது. வலதுபக்கம் ஜால்ரா மங்கலா இருக்கு.

செல்வி அக்கா | பிற்பகல் 3:45
போலாரிட்டி, அதாவது ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் ஒயர், மாறியிருந்தா சாயாது, குரல் எங்கேன்னே தெரியாம ரூம் முழுக்கப் பரவி பேஸ் மெலியும். இது வேற. ஆம்பை அணைச்சுட்டு, ஆம்ப் பக்கத்துல இடது வலது ஒயரை மாத்திப் போடு. மங்கல் இடதுக்குப் போனா ஆம்ப் அல்லது அதுக்கு முன்னால கோளாறு. வலதுலயே நின்னா ஸ்பீக்கர் அல்லது அதோட ஒயர்.

கதிர் | பிற்பகல் 3:51
வலதுலயே நிக்குது. ட்வீட்டர் கிட்ட காதை வச்சா சத்தமே இல்ல. போயிடுச்சா அக்கா?

செல்வி அக்கா | பிற்பகல் 3:53
பதறாதே. பின்னால டெர்மினல் ரெண்டு ஜோடியா இருக்கா?

கதிர் | பிற்பகல் 3:53
ஆமா. நடுவுல தங்க நிறத் தகடு.

செல்வி அக்கா | பிற்பகல் 3:56
அந்தத் தகடு தான் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்க்குது. வூஃபருக்கு ஒரு ஜோடி, ட்வீட்டருக்கு இன்னொரு ஜோடி. பெட்டியைத் தூக்கி ஸ்டாண்ட்ல வைக்கும்போது திருகு தளர்ந்து தகடு தூக்கிக்கும். ஆம்பை அணை, நாலு திருகையும் முழுசா தளர்த்தி, தகட்டை உள்ளே தள்ளி, விரலால இறுக்கு. ப்ளையர் வேண்டாம், திருகோட உள்பக்கம் சுத்திடும்.

தகட்டைக் கழட்டிட்டு மல்டிமீட்டர் வச்சுப் பாக்காதே, பார்த்தாலும் பயப்படாதே. ட்வீட்டர் ஜோடியில தொடர்ச்சியே காட்டாது, வழியில கெப்பாசிட்டர் இருக்கு. நல்ல ட்வீட்டருக்கும் அப்படித்தான். வூஃபர் ஜோடியில 4, 5 ஓம் காட்டும்.

கதிர் | பிற்பகல் 4:04
தகட்டோட ஒரு முனை திருகுக்கு வெளியே நின்னிருந்துச்சு. இறுக்கிட்டேன். வந்துடுச்சு. குரல் நட்டநடுவுல.

குமரேசன் மாமா | பிற்பகல் 4:06
இடதுலயும் நாலு திருகையும் ஒரு தடவை பாத்துடு.

கதிர் | பிற்பகல் 4:09
அதுலயும் ஒண்ணு லூஸ் மாமா. இறுக்கியாச்சு.